விளாங்குடியில் கட்டும் வரி எங்கே போகிறது, கட்டாமல் நிறுத்தினால் என்ன ஆகும்?

உங்கள் கேள்வியை நிதானமாகப் படித்தேன். விளாங்குடியில் உங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டம் சண்டையில் முடிந்திருக்கிறது. 2011 வரை பேரூராட்சியாக இருந்த ஊர். மதுரை மாநகராட்சியோடு சேர்த்த பிறகு வரி ஏறியதே தவிர வசதி ஏறவில்லை என்கிறார்கள் பாதிப் பேர். பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெரு மூடிய மண்ணோடு அப்படியே கிடக்கிறது, மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றிக் கல் பதிக்க மட்டும் பணம் இருக்கிறது, ஆகவே அடுத்த அரையாண்டு வரியை யாரும் கட்ட வேண்டாம் என்று ஒரு தீர்மானம் வந்திருக்கிறது. இன்னொரு பாதி, கட்டாவிட்டால் வருகிற கொஞ்சமும் வராது என்கிறது. யார் சொல்வது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது: நாங்கள் கட்டும் பணத்துக்கும் எங்கள் தெருவுக்கும் என்ன சம்பந்தம்? இதற்குப் பதில் தெரிந்தால் தீர்மானத்தை என்ன செய்வது என்பது தானே விளங்கும்.

நான் உள்ளாட்சி நிதித் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தென்மாவட்ட நகராட்சிகளின் ரசீதுப் புத்தகமும் வரிப் பதிவேடும்தான் என் பிழைப்பாக இருந்தது. வழக்கறிஞன் அல்ல, எனவே சட்டம் பற்றிச் சொல்வதை நீதிமன்றம் போகும் அளவுக்கு எடுத்துக்கொள்ளாதீர்கள். மாநகராட்சி அலுவலகமான அண்ணா மாளிகைக்குள் இன்று எந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது என்பதையும் வெளியில் இருக்கும் நான் சொல்ல முடியாது. கணக்கு எப்படி ஓடுகிறது, பணம் எங்கே ஒழுகுகிறது என்பதைப் பற்றி மட்டும் உறுதியாகப் பேசுகிறேன்.

முதலில் வரி ஏற்றம். 2022 ஏப்ரலில் தமிழக அரசு அறிவித்த சீராய்வில் சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடி வரையான வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று ஏறியது. வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம். உங்கள் சங்கத்தில் பெரும்பாலானவர்களுக்கு ஆயிரம் சதுர அடியை ஒட்டிய வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் முன்பு அரையாண்டுக்கு 1,000 ரூபாய் கட்டியவருக்கு அது 1,500 ஆகியிருக்கும். பிறகு வந்த 6 சதவீதமும் சேர்ந்தால் 1,590. உங்கள் ரசீது இந்தக் கணக்கை ஒட்டி வந்தால் ஏற்றம் அரசாணைப்படிதான் நடந்திருக்கிறது. கூடுதலாக வந்திருந்தால் அளவிலோ உபயோக வகையிலோ எங்கோ மாற்றம் செய்திருக்கிறார்கள் என்று பொருள். அதற்குத் தனியாக மனு போட வேண்டும். ஊர் முழுக்கச் சேர்ந்து போராட வேண்டிய விஷயம் அல்ல அது.

இந்த ஏற்றத்தை மதுரை மாநகராட்சி தானாக முடிவு செய்ததாக உங்கள் கூட்டத்தில் ஒருவர் பேசியிருக்கிறார். மன்றத்தில் தீர்மானம் போட்டிருப்பார்கள், உண்மைதான். ஆனால் முடிவு மேலிருந்து வந்தது. 15-ஆவது மத்திய நிதிக்குழு, நகர உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், அதன்பின் வசூல் மாநிலப் பொருளாதார வளர்ச்சியோடு சேர்ந்து உயர வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஆண்டுதோறும் 6 சதவீதம் என்ற ஏற்பாடு அதிலிருந்து வந்ததுதான். சென்னைக்கு வெளியே அதற்கு முன் பொதுச் சீராய்வு நடந்தது 2008-ல். 2018-ல் ஓர் உயர்வு வந்து, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆக, பல வருஷம் ஒன்றுமே ஏற்றாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் பாதிக்குப் பாதி ஏற்றினார்கள். வருஷத்துக்குக் கொஞ்சமாக ஏற்றியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது என்பது என் கருத்து. தேர்தலுக்குத் தேர்தல் தள்ளிப் போட்டதன் சுமையை ஒரே தவணையில் உங்கள் தலையில் வைத்தார்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

இப்போது பணம் போகும் வழி. சொத்து வரி என்று கட்டும் தொகைக்குள்ளேயே பல கூறுகள் இருக்கின்றன: பொது வரி, குடிநீர் வடிகால் வரி, கல்வி வரி. இதோடு 10 சதவீத நூலக வரி. நூலக வரியை மாநகராட்சி வசூலித்துத்தான் கொடுக்கிறது. அது மாவட்ட நூலக ஆணைக்குழுவின் பணம். கல்வி வரி ஆரம்பக் கல்வி நிதிக்குப் போகிறது. அந்தப் பணத்துக்கு மதுரையில் உருப்படியான கணக்கு இருக்கிறது: வெள்ளிவீதியார், காக்கைபாடினியார், அவ்வை, பொன்முடியார் என்று சங்கப் புலவர்கள் பெயரில் நிற்கும் மாநகராட்சிப் பள்ளிகள். பெண்பிள்ளைகளை வேறெங்கும் சேர்க்க வசதியில்லாத குடும்பங்கள் எத்தனையோ தலைமுறையாக அந்தப் பள்ளிகளை நம்பியிருக்கின்றன. உங்கள் சங்கத்தில் கல்வி வரி எதற்கு என்று கேட்டவரிடம் இதைச் சொல்லுங்கள்.

மாநகராட்சிக் கணக்கு ஒரே பை அல்ல. வருவாய் மற்றும் மூலதன நிதி, குடிநீர் வடிகால் நிதி, ஆரம்பக் கல்வி நிதி என்று மூன்று தனிக் கணக்குகள். பட்ஜெட் அன்று "இத்தனை நூறு கோடி" என்று செய்தித்தாளில் வரும் பெரிய எண் இந்த மூன்றையும், அதற்கு மேல் திட்ட மானியம், கடன், முன்வைப்புத் தொகை எல்லாவற்றையும் சேர்த்த எண். அந்த எண்ணை வார்டு எண்ணிக்கையான 100-ஆல் வகுத்து "நம் வார்டுக்கு இத்தனை கோடி வர வேண்டும்" என்று உங்கள் கூட்டத்தில் ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். அந்த வகுத்தல் செல்லாது. உங்கள் சொத்து வரி சேரும் வருவாய் நிதி முதலில் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போகும். அடுத்து குப்பை அள்ளும் ஒப்பந்தம், தெருவிளக்குக்கும் மோட்டாருக்கும் மின்கட்டணம், வண்டிகளுக்கு டீசல், பழைய கடனுக்கு வட்டி. இவை எல்லாம் போன பிறகு மிஞ்சுவதில்தான் தெருவுக்குத் தார் போட வேண்டும். நான் தணிக்கை செய்த நகராட்சிகள் பெரும்பாலானவற்றில் மிச்சம் என்று சொல்லும்படி ஒன்றும் இருந்ததில்லை.

அரசு தரும் பணம் இருக்கிறதே என்பீர்கள். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் மாநில நிதிக்குழு பரிந்துரைப்படி உள்ளாட்சிகளுக்குப் பகிரப்படுகிறது. ஆனால் அது முழுசாகக் கைக்கு வராது. குடிநீர் வடிகால் வாரியத்துக்குத் தர வேண்டிய பாக்கி, கடன் தவணை போன்றவற்றைச் சென்னையிலேயே பிடித்துக்கொண்டு மீதியைத்தான் அனுப்புவார்கள். பங்கீட்டுக்கு எடுத்துக்கொள்ளும் மக்கள்தொகையும் 2011 கணக்கெடுப்புதான். விளாங்குடி, ஆனையூர் பக்கம் 2011-க்குப் பிறகு எழுந்த வீடுகளை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த வீடுகளில் குடியிருப்பவர்கள் குப்பை போடுகிறார்கள், தண்ணீர் குடிக்கிறார்கள். பங்கீட்டுக் கணக்கில் அவர்கள் இல்லை.

கோயிலைச் சுற்றிப் பதித்த கல்லுக்கு வருகிறேன், உங்கள் கூட்டத்தில் அதிகம் சூடாக்கியது அதுதான் போலிருக்கிறது. மதுரை 2016-ல் மத்திய அரசின் ஸ்மார்ட் சிட்டி திட்டப் பட்டியலில் இடம்பெற்றது. ஒரு நகரத்துக்கு மத்திய அரசு 500 கோடி, மாநில அரசு 500 கோடி என்பது அந்தத் திட்டத்தின் அமைப்பு. பெரியார் பேருந்து நிலையம், தமுக்கம் மாநாட்டு மையம், கோயில் பகுதி வேலைகள், வைகைக் கரை எல்லாம் அந்த வகைப் பணத்தில் நடந்தவை. அந்தப் பணத்தை விளாங்குடித் தெருவுக்குத் திருப்பிவிட ஆணையருக்கோ மேயருக்கோ அதிகாரம் கிடையாது. ஒரு கவுன்சிலர் வாக்குறுதி கொடுத்திருந்தாலும் முடியாது. ஆகவே "எங்கள் வரியில் சித்திரை வீதிக்குக் கல்" என்பது சரியல்ல. ஆனால் உங்கள் கோபத்தில் பாதி உண்மை வேறொரு இடத்தில் இருக்கிறது. கல்யாணச் சீராகக் கார் வந்தாலும் பெட்ரோல் நம் சம்பளத்தில்தான் போட வேண்டும். கட்டியது திட்டப் பணம். கூட்டுவது, விளக்கு எரிப்பது, பெயர்ந்த கல்லை மாற்றுவது எல்லாம் இனி வருவாய் நிதி, அதாவது உங்கள் சொத்து வரி. ஒவ்வொரு புதுத் திட்டமும் வரும்போது இதை ஆண்டுக்கு ஆண்டு பராமரிக்க எவ்வளவு, அது எந்தத் தலைப்பில் வரும் என்று கேட்பவர்கள் மன்றத்திலும் குறைவு, வெளியிலும் குறைவு.

குடிநீரிலும் இதே நிலைதான். லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக நாளொன்றுக்கு 12.5 கோடி லிட்டர் கொண்டுவரும் முல்லைப் பெரியாறு குடிநீர்த் திட்டத்துக்குச் சுமார் 1,296 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். வைகை அணை நீரையும், மேலக்கால், கோச்சடை ஆற்றுப்படுகைக் கிணறுகளையும் மட்டும் நம்பி இந்த நகரம் இனி வாழ முடியாது என்பதால் அந்தத் திட்டத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஆனால் தண்ணீர் வந்ததும் சுத்திகரிப்பு, மோட்டார், ஆட்கள் எல்லாம் குடிநீர் நிதியின் செலவு. வீட்டுக் குடிநீர்க் கட்டணம் அந்தச் செலவை ஈடுகட்டும் நகராட்சியை என் வேலைக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

உங்கள் சங்கச் செயலாளர் கேட்டது நுட்பமான கேள்வி: புறநகர் வார்டுகள் கட்டும் வரியில் பழைய மதுரை பிழைக்கிறதா, இல்லை பழைய மதுரை கட்டும் வரியில் நாம் பிழைக்கிறோமா? இதில் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகத்தையும் பிரித்துச் சொல்கிறேன். உறுதியானது: 2011-ல் ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் விளாங்குடி, திருநகர், ஹார்விபட்டி பேரூராட்சிகளும் கிராம ஊராட்சிகளும் சேர்ந்தபோது, 72 வார்டு 100 வார்டு ஆனது. பரப்பளவோ சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆனது. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும் இடத்தில் ஒரு வீட்டுக்கு ஆகும் குழாய், கம்பம், சாலை நீளம் எல்லாமே அதிகம். வரி விகிதமோ தெருவின் தரத்தைப் பொறுத்தது. மாசி வீதி, டவுன்ஹால் ரோடு பகுதிக் கடைகளின் அடிப்படை மதிப்பு உங்கள் தெருவைவிட அதிகம், கடைக்கு விகிதமும் அதிகம். ஊகம் என்னவென்றால், இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் பழைய நகரத்துக் கடைவீதிதான் புறநகரைத் தாங்குகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. இதை யாராலும் நிரூபிக்க முடியாது. காரணம், வரவு வார்டு வாரியாக இருக்கும், செலவு தலைப்பு வாரியாக இருக்கும். வார்டு வாரிச் செலவுக் கணக்கு என்ற ஒன்று வழக்கத்தில் இல்லை. அது இருக்க வேண்டும் என்று கேட்பதை நான் மிக நியாயமான கோரிக்கையாகக் கருதுகிறேன்.

மதுரைக்கு இன்னொரு பாரம் உண்டு, கோயம்புத்தூரோடு ஒப்பிட்டுப் பேசுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் லட்சக்கணக்கில் சனம் வந்து இறங்குகிறது. அவர்களுக்குத் தண்ணீர்த் தொட்டி, தற்காலிகக் கழிப்பறை, விடியற்காலை குப்பை லாரி எல்லாம் மாநகராட்சிதான். மறுநாள் தமுக்கத்திலிருந்து ஆழ்வார்புரம் வரை கூட்டிப் பெருக்கும் தூய்மைப் பணியாளர்களின் கையைப் பார்த்திருந்தால் இந்த ஊரின் செலவு எங்கே போகிறது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். ராஜாஜி மருத்துவமனைக்குத் தென்மாவட்டம் முழுவதிலிருந்தும் நோயாளியும் துணைக்கு ஆளும் வருகிறார்கள். வந்தவர்கள் ஓட்டலில் சாப்பிட்டு, புடவை எடுத்து, பஸ் ஏறிப் போகிறார்கள். அவர்கள் கட்டும் ஜி.எஸ்.டி. மத்திய அரசுக்கும் மாநில அரசுக்கும் போகிறது. மதுரை மாநகராட்சிக்கு அதில் நேரடிப் பங்கு ஒரு பைசா கிடையாது. கோயிலுக்கு வரிவிலக்கு. மத்திய அரசின் சொத்துக்கு அரசமைப்பின் 285-ஆவது பிரிவுப்படி சொத்து வரி போட முடியாது, சேவைக் கட்டணம் மட்டும் கேட்கலாம். தொழில் வரிக்கு 1988-ல் வைத்த ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு இன்றும் அதேதான். பெரிய சம்பளக்காரரும் அதற்கு மேல் கட்ட வேண்டியதில்லை. வருவாய்க்கான கதவுகளை எல்லாம் மேலே சாத்திவிட்ட பிறகு, மாநகராட்சி தட்டக்கூடிய ஒரே கதவு உங்கள் வீட்டுக் கதவு.

இத்தனையும் சொன்னதால் மாநகராட்சிக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். 2025 ஜூலையில் வெளியான தூய்மைக் கணக்கெடுப்பில் 10 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட 40 நகரங்களில் மதுரை 40-ஆவது இடத்தில் நின்றது. பணப் பற்றாக்குறை மட்டும் இதற்குக் காரணம் என்று என்னால் ஏற்க முடியாது. வரவேண்டிய பணம் வராமல் போவது பெரிய காரணம். எப்படி என்று சொல்கிறேன்.

ஒரு நகராட்சியில், ஊர் வேண்டாம், கடைவீதிக்குப் பின்தெருவில் ஒரு கட்டடம். வரிப் பதிவேட்டில் "தரைத்தளம், ஓட்டுக்கூரை, சொந்தக் குடியிருப்பு, 640 சதுர அடி" என்று இருந்தது. நேரில் போனால் நான்கு தளக் கான்கிரீட் கட்டடம். கீழே ஜவுளி மூட்டை அடுக்கிய கிடங்கு, மேலே வாடகை அறைகள், மாடிப்படிக்கு அடியில் வரிசையாக மின் மீட்டர்கள், அத்தனையும் வணிக இணைப்பு. மின்வாரியத்துக்குக் கடையாக இருப்பது நகராட்சிக்கு வீடாக இருந்தது. இது ஓர் அரிய சம்பவம் அல்ல. தணிக்கையில் நாங்கள் செய்யும் எளிய வேலையே இதுதான்: மின்வாரியத்தின் வணிக இணைப்புப் பட்டியலையும், தொழில் உரிமப் பதிவேட்டையும், சொத்து வரிப் பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. எங்கே பொருந்தவில்லையோ அங்கே பணம் போயிருக்கும். ஆயிரம் சதுர அடி வீட்டுக்காரர் 90 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதா என்று சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போது, இப்படி ஒரு கட்டடம் அரையாண்டுக்குப் பல்லாயிரம் ரூபாயை விழுங்கிவிடும்.

மதுரையிலேயே இது பெரிய அளவில் வெளியே வந்தது உங்களுக்குத் தெரியும். அதிகாரிகளின் கடவுச்சொல்லைப் பயன்படுத்திக் கணினியில் வணிகக் கட்டடங்களின் வரியைக் குறைத்ததாக எழுந்த புகாரில் வழக்குப் பதிவாகி, கைதுகள் நடந்து, 2025-ல் மண்டலத் தலைவர்கள் பதவி விலகினார்கள். யார் குற்றவாளி, இழப்பு எத்தனை கோடி என்பதெல்லாம் நீதிமன்றம் சொல்ல வேண்டியது. செய்திகளில் வந்த தொகைகளை நான் இங்கே எடுத்து எழுதப் போவதில்லை. ஆனால் உங்கள் சங்கத்துக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வரி விகிதத்தைப் பற்றி ஊரே பேசியது. கணினியில் யாருக்கு எவ்வளவு பதிவாகியிருக்கிறது என்று ஊர் பார்க்கவில்லை. விகிதம் சென்னையில் முடிவாகிறது, அதில் உங்கள் குரல் எட்டுவது கடினம். பதிவேடு உங்கள் வார்டில் இருக்கிறது. அதை நீங்கள் பார்க்க முடியும்.

இப்போது கட்டாமல் நிறுத்தும் தீர்மானம். என் வெளிப்படையான கருத்து, வேண்டாம். அரையாண்டு தொடங்கி முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5,000 ரூபாய். தாமதித்தால் மாதம் 1 சதவீதம் தனிவட்டி. ஒரு வருஷம் நிறுத்தினால் 12 சதவீதம் ஏறும், ஊக்கத்தொகையும் போகும். பாக்கி இருக்கும்போது பெயர் மாற்றம் ஆகாது, வீட்டை விற்கவோ வங்கிக் கடன் வாங்கவோ போனால் அங்கே நிற்கும். கடைசியில் எல்லோரும் தனித்தனியாகப் போய் வட்டியோடு கட்டிவிட்டு வருவார்கள், சங்கம் உடைந்துவிடும். இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நிதிக்குழு மானியம் வசூல் உயர்வைப் பார்த்துத்தான் வருகிறது. கடன் கொடுப்பவரும் வசூல் சதவீதத்தைத்தான் பார்க்கிறார். 2001-ல் மதுரை மாநகராட்சி உள்வட்டச் சாலைக்காக 30 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது. இந்தியாவில் அன்று விரல்விட்டு எண்ணக்கூடிய நகரங்களே அதைச் செய்திருந்தன. அந்த நம்பிக்கையைச் சந்தையில் இந்த ஊர் ஒருகாலத்தில் பெற்றிருந்தது. பாதாளச் சாக்கடை மாதிரிப் பெரிய வேலைக்கு இனியும் கடன்தான் வழி. வசூல் விழுந்தால் முதலில் நிற்பது பழைய நகரத்து வேலை அல்ல, இன்னும் முடியாத உங்கள் பகுதி வேலைதான்.

கட்டிவிட்டு என்ன செய்வது? கட்டும்போதே ஆட்சேபம் எழுத்தில் கொடுக்கலாம்; தனிப்பட்ட கணக்கீட்டில் தவறு என்றால் ஆணையருக்கு மனு, அங்கே தீராவிட்டால் வரிவிதிப்பு மேல்முறையீட்டுக் குழு. சங்கம் செய்ய வேண்டியது வேறு. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி உங்கள் வார்டின் கேட்பு (வர வேண்டிய வரி), வசூல், நிலுவைப் பட்டியலைக் கேளுங்கள். அலுவலகத்தில் இந்தப் பெயரைச் சொன்னால் உடனே புரியும். அதிலேயே குடியிருப்பு தனியாக, வணிகம் தனியாக, அதிக நிலுவை வைத்திருக்கும் வரிவிதிப்பு எண்கள் தனியாகக் கேளுங்கள். வணிகக் கட்டடங்களுக்குப் பதிவான பரப்பளவையும் கேளுங்கள். பட்டியல் வந்ததும் உங்கள் மெயின் ரோட்டில் ஒரு நடை நடந்தால் போதும். டேப் கூட வேண்டியதில்லை, தளத்தை எண்ணினாலே தெரியும். இதைச் சுமுகமாகச் செய்யுங்கள். தனிமனிதர் பெயரைப் பலகையில் எழுதிப் போடுவது கூடாது. பொருந்தாத எண்களை மட்டும் பட்டியல் போட்டு உதவி ஆணையரிடம் கொடுத்து ஒப்புகை வாங்கி வையுங்கள்.

பட்ஜெட் புத்தகத்தைப் படிக்கும்போது வரும் ஆண்டின் எண்ணில் மயங்காதீர்கள். ஒவ்வொரு தலைப்புக்கும் முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பு ஆண்டு மதிப்பீடு, ஆண்டின் இடையில் அதை மாற்றி எழுதும் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டு மதிப்பீடு என்று பத்திகள் இருக்கும். சாலைத் தலைப்பில் மதிப்பீடு பெரிதாகவும் திருத்திய மதிப்பீடு சிறிதாகவும் இருந்தால், போன மார்ச்சில் அறிவித்தது நடக்கவில்லை என்று அர்த்தம். இரண்டு மூன்று வருஷப் புத்தகத்தை வைத்து இந்த ஒரு வரியைப் பார்த்தாலே நிறையப் புரியும். மேயர் மார்ச்சில் வாசிக்கும்போது கோரிக்கை வைப்பதில் பயனில்லை. திருத்திய மதிப்பீடு தயாராகும் டிசம்பரை ஒட்டி வார்டு பொறியாளரிடமும் கவுன்சிலரிடமும் உங்கள் வேலை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். 2022-ல் கொண்டுவந்த விதிகளின்படி வார்டுக்குள் பகுதி பகுதியாக மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டம் என்று ஒன்று உண்டு. அதில் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். வாய்மொழியாகச் சொன்னதற்குக் கோப்பில் இடமில்லை.

உங்கள் தெருவைப் பொறுத்தவரை, முதலில் அது யாருடைய தெரு என்று பாருங்கள். மதுரையின் பெரிய சாலைகள் பலவும் நெடுஞ்சாலைத் துறையுடையவை. அவற்றுக்கு மாநகராட்சியைத் திட்டிப் பயனில்லை. உங்களுடையது உள்தெரு என்பதால் மாநகராட்சிதான். அடுத்து, தோண்டியது யார்? பாதாளச் சாக்கடை ஒப்பந்தக்காரர் என்றால், தோண்டிய இடத்தைப் பழையபடி சீர்செய்வது பெரும்பாலும் அந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே இருக்கும், அதற்குப் புதிதாகப் பணம் ஒதுக்க வேண்டிய அவசியமே இருக்காது. கேபிள், எரிவாயுக் குழாய் நிறுவனம் என்றால் சாலை வெட்டுக் கட்டணம் முன்கூட்டியே கட்டியிருப்பார்கள். ஆகவே அடுத்த மனுவில் "சாலை போட்டுத் தாருங்கள்" என்று எழுதாதீர்கள். ஒப்பந்தத்தில் சாலைச் சீரமைப்புக்கான பிரிவு, அதற்கான தொகை, அளவுப் புத்தகத்தில் (முடிந்த வேலையை அளந்து எழுதும் பதிவேடு) எங்கள் தெருவுக்குப் பதிவான அளவு, அந்த அளவுக்குப் பட்டியல் தொகை கொடுத்தாகிவிட்டதா, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) எப்போது முடிகிறது என்று ஐந்தையும் தனித்தனி வரியாகக் கேளுங்கள். அளவுப் புத்தகத்தில் உங்கள் தெரு "முடிந்தது" என்று பதிவாகியிருந்தால், அந்தப் பக்கத்தின் நகலை எடுத்துக்கொண்டு மண்டல அலுவலகத்துக்குப் போகாதீர்கள். நேராக ஆணையரின் குறைதீர் நாளுக்குப் போங்கள், தெருவின் தேதியிட்ட புகைப்படத்தோடு.